சோதனை மேசையில் இரண்டு கண்ணாடி

ஆவடியில் ஒரு பாக்டரியில் நான் தர்வானாக இருந்தேன். தர்வான் என்றால் கேட்டில் நிற்கிறவன். காலையில் வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். சாயங்காலம் சங்கு ஊதியதும் போகிறவனைத் தடவிப் பார்க்க வேண்டும். அவன் கையைத் தூக்குவான். அக்குள், இடுப்பு, பேண்ட் மடிப்பு, கடைசியில் டிபன் கேரியர். ராணுவச் சாமான் செய்கிற இடம். ஒரு போல்ட்டுகூட வெளியே போகக் கூடாது.

என் படிப்பு ஐந்தாவதோடு சரி. இந்த வேலைக்கு அது போதும். யாரையும் நம்பக் கூடாது, அவ்வளவுதான் பாடம். எனக்கு அது பாக்டரி சொல்லிக் கொடுத்ததில்லை. முன்னாலேயே இருந்த குணம்.

எண்பத்துநாலில் நம் நாட்டு ஆள் ஒருவர் ரஷ்யாக்காரர்களோடு ராக்கெட்டில் மேலே போனார். காலனி கிளப்பில் டிவியில் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் சினிமாவில் தினம் ஒருத்தன் பறக்கிறான். இவர் மிதந்தது மட்டும் எப்படி நிஜம் என்று யாரும் கேட்கவில்லை. நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வால் நட்சத்திரம் வந்தது. விடியற்காலையில் காலனி ஜனம் மொத்தமும் ஏரிக்கரையில் நின்றது. என்னோடு கேட்டில் நிற்கிற இன்னொரு தர்வானும் வந்திருந்தான். பட்டாபிராம்காரன்.

"தெரியுதா மாமே?" என்றான்.

"எங்க?"

"அதோ, பனமரத்துக்கு மேல. வாலு இன்னாமா கீது பாரு."

பனைமரம்தான் எனக்குத் தெரிந்தது. அவன் காதோடு கேட்டேன். "நீ மெய்யாலுமே பாத்தியா?"

"எல்லாரும் பாத்துகினு கீறாங்கோ. நான் மட்டும் பாக்கலன்னா இன்னா நினைப்பாங்கோ?"

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். வானத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதியைத் தடவிப் பார்த்துத்தான் விட வேண்டும்.

இது நடந்து பல வருஷம் கழித்து, எங்கள் பிளாக்கின் மேல்மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. நான் கீழ் வீடு. அவர் மிஷின் ஷாப்பில் பிட்டர். நெல்லைச் சீமைக்காரர். முப்பது வயசு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளை உடுத்தி பைபிளோடு சர்ச்சுக்குப் போவார்கள். அவர் என்னை அண்ணாச்சி என்பார். அந்தம்மா எதுவும் சொல்லாது. என்னைக் கண்டால் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே போய்விடும். கேட்டில் புருஷனைத் தடவுகிறவனிடம் யாருக்குத்தான் பேச்சு வரும்? நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் என் பெண்டாட்டி கேட்டாள். "இன்னாய்யா மேல ஆட்டுக்கல்லாட்டம் சத்தம் வருது? சாயங்காலமானா கரகரன்னு."

"மாவு அரைக்கிறாங்களோ இன்னாவோ."

"அரைக்கிறது அந்தாளு. மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனப்ப பாத்தேன். படிக்கட்டு முடியற எடத்துல ஒரு டிரம்மை நிமித்தி வச்சிகினு, அதைச் சுத்திச் சுத்தி வர்றாரு. கண்ணாடி மேல கண்ணாடிய வச்சி அரைக்கிறாரு."

"கண்ணாடியையா?"

"எனக்கு இன்னா தெரியும்? ஏதோ மந்திரமோ மாயமோ. சர்ச்சுக்குப் போறவங்களும் இதெல்லாம் செய்வாங்களா?"

மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அடுத்த நாள் கேட்டில் அவர் கையைத் தூக்கியபோது விரலைப் பார்த்தேன். நகத்துக்குள் சாம்பல் நிறத்தில் அழுக்கு. கிரீஸ் கறுப்பு எனக்குத் தெரியும். இது அது இல்லை.

"இது இன்னா நைனா?"

"கார்பரண்டம் பொடி அண்ணாச்சி. எம்புட்டுக் கழுவினாலும் போவ மாட்டேங்கு."

இரும்பையும் கண்ணாடியையும் தேய்க்கிற பொடி அது. எங்கள் பாக்டரியிலும் டப்பா டப்பாவாக இருந்தது.

"எங்க வாங்கின?"

"மண்ணூர்பேட்டையில, எஸ்டேட் பக்கம் ஒரு கடையில."

"உள்ளயும் அதான கீது."

"இருக்கு. அதுக்காக நான் எடுப்பனா?"

"எடுத்தவன் எவன் எடுத்தேன்னு சொல்லியிருக்கான்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாக்ஸைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்புறம் அவரே ஒரு நாள் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார். டெலஸ்கோப் செய்கிறாராம். துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடையில் கப்பல் ஜன்னல் கண்ணாடி இரண்டு வாங்கினாராம். தட்டு மாதிரி வட்டம், விரல் கனம். ஒன்றை டிரம் மேல் மூன்று கட்டை அடித்துப் பொருத்தி, நடுவில் பொடியும் தண்ணீரும் போட்டு, இன்னொன்றை மேலே வைத்துத் தள்ளி இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். அப்படி மாசக்கணக்கில் தேய்த்தால் மேலே இருப்பது குழியாகும், கீழே இருப்பது மேடாகும். குழிக் கண்ணாடிக்கு மெருகு போட்டு ரசம் பூசினால், வானத்தில் இருப்பதை அது பிடித்துக் கொடுக்கும்.

"எத்தினி மாசமா தேய்க்கிற?"

"போன கிறிஸ்துமஸ்ல இருந்து."

"பாக்கறதுக்கா இவ்ளோ?"

"பாக்கதுக்குத்தான்."

நான் நம்பவில்லை. ஒரு மனுஷன் ஷிப்டு முடிந்து வந்து, சும்மா பார்ப்பதற்காக மாசக்கணக்கில் ஒரு டிரம்மைச் சுற்றுவானா?

நம்பாதவன் நான் மட்டும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காலனிக்குள் ஒரு புது முகம் வந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மொட்டை மாடியில் அவர் ஒரு பெரிய குழாயைக் கட்டைக் கால் வைத்து நிறுத்தியதும் பேச்சு ஆரம்பித்தது. எதிர் பிளாக்கில் ஒரு வீட்டில், எங்கள் ஜன்னலைப் பார்க்கத்தான் அது என்றார்கள். இன்னொரு வீட்டில், பாக்டரியைப் படம் எடுக்கிறான் என்றார்கள். அது செக்யூரிட்டி ஆபீசர் காதுக்குப் போனது. மிலிட்டரியில் இருந்து ரிட்டையராகி வந்தவர் அவர். அதிகம் பேச மாட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"உன் பிளாக்குதானேய்யா? ஒரு கண்ணு வை."

"வச்சிகினுதான் சார் கீறேன்" என்றேன்.

தொண்ணூற்றுநாலு ஜூலை. ஒரு வால் நட்சத்திரம் துண்டு துண்டாக உடைந்து, துண்டெல்லாம் வரிசையாக வியாழன் மேல் விழப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். பேப்பரிலும் போட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சங்கு ஊதியது. பிட்டர் வரிசையில் வந்து என் முன்னால் கையைத் தூக்கினார். உடம்பில் ஒன்றும் இல்லை. பையைத் திறந்தேன். டிபன் கேரியருக்குக் கீழே துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். தூக்கினேன். கனம்.

"இது இன்னா?"

அவர் முகம் செத்துப்போனது. "ஐயோ அண்ணாச்சி. காலையில சொல்ல மறந்துட்டேன்."

பிரித்தேன். கண்ணாடி. ஒரு பக்கம் தண்ணீர் மாதிரி மெருகு.

எங்கள் கேட்டின் சட்டம் இதுதான். உள்ளே போகும்போது சோதனை கிடையாது. ஆனால் சொந்தப் பொருள் எதைக் கொண்டுபோனாலும் காலையிலேயே காட்டி ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் சீட்டு இல்லாமல் வெளியே வரும் எதுவும் பாக்டரிப் பொருள். குடையாக இருந்தாலும் சரி, கண்ணாடியாக இருந்தாலும் சரி. எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"டூட்டி முடிஞ்சு நேரா ரயில் ஏறி, பாரிமுனையில ரசம் பூசுறவர்ட்ட குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். வீட்டுக்குப் போயிட்டு வந்தா கடை அடைச்சிருவான் அண்ணாச்சி. நீங்கதான் பாத்திருக்கீங்கள்ல, நான் தேய்ச்சத?"

"சத்தம் கேட்டேன். இந்தக் கண்ணாடியத்தான் தேய்ச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் வரிசை கத்தியது. "இன்னாய்யா அங்க? டிரெயின் பூடும்!" பட்டாபிராம்காரன் என் இடத்துக்கு வந்தான். நான் அவரையும் கண்ணாடியையும் கொண்டுபோய் ஆபீசர் முன்னால் நிறுத்தினேன்.

ஆபீசர் கண்ணாடியைத் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்தார்.

"எதுக்குய்யா இது?"

"வியாழனப் பாக்கதுக்கு சார். இந்த வாரம் அடி விழுது."

"வியாழன்ல அடி விழுந்தா உனக்கென்ன?"

"பாக்கணும் சார்."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்."

பதில் இல்லாதவனைத்தான் கேட்டில் நாங்கள் நிறுத்துவோம்.

ஆபீசர் நிதானமாகச் சொன்னார். "உள்ள பீரங்கிக்குக் கண்ணாடி வருது. நீ பையில கண்ணாடி வச்சிருக்க. சீட்டு இல்ல. நான் மேல எழுதிப் போட்டா சஸ்பென்ஷன். விசாரணை முடியறதுக்குள்ள குவார்ட்டர்ஸும் போயிடும். உன்னுதுன்னு காட்டு. விட்டுடறேன். காட்ட முடியலைன்னா எழுதறேன்."

பிட்டர் சட்டென்று தலை நிமிர்ந்தார்.

"இதுக்கு ஜோடி ஒண்ணு வீட்ல இருக்கு சார். அதுமேல வச்சுத்தான் இதத் தேய்ச்சேன். இது குழி, அது மேடு. ரெண்டையும் சேத்து வச்சா முடி நுழையாது. வேற எந்தக் கண்ணாடியோடயும் இது அப்படிச் சேராது."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "போய் எடுத்துட்டு வா. இவரு இங்கயே இருக்கட்டும்."

சைக்கிளை எடுத்தேன். மேல்மாடி ஏறினேன். கதவைத் தட்டினேன். அந்தம்மா திறந்தது. என் காக்கிச் சட்டையைப் பார்த்தது. தொப்பியைப் பார்த்தது.

"கண்ணாடி தேய்ச்சாரே, அதுல இன்னொன்னு வேணும்மா."

"எந்தக் கண்ணாடி?"

"வட்டமா, கனமா."

"அப்படி ஒண்ணும் இங்க இல்ல."

"அவரே சொன்னாரு."

"அவுக சொன்னா அவுகட்ட கேளுங்க. எங்க வீட்ல பாக்டரிச் சாமான் எதுவும் கிடையாது."

கதவைச் சாத்தியது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் டிரம் இருந்தது. அதன் மேல் மூன்று கட்டை ஆணியடித்து இருந்தது. நடுவில் வட்டமாக ஈரம். கண்ணாடி இல்லை. இப்போதுதான் யாரோ தூக்கியிருக்க வேண்டும். நான் சைக்கிளில் வந்ததை அந்தம்மா பால்கனியில் இருந்து பார்த்திருக்கும்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "இல்லன்றாங்க சார்."

பிட்டர் எழுந்துவிட்டார். "இல்லன்னா சொன்னா? என் வீட்டுக்காரியா?"

ஆபீசர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஆனால் மூடியைக் கழற்றினால் எழுதாமல் மூடியதும் இல்லை.

இருந்ததைச் சொல்வது என் வேலை. அதனால் மீதியையும் சொன்னேன். "டிரம்மு மேல ஈரம் கீது சார். மூணு கட்டைக்கு நடுவுல எதோ இருந்திருக்கு. நான் போறதுக்கு முன்ன எடுத்துட்டாங்க."

"எதுக்கு எடுக்கணும்?" என்றார் ஆபீசர்.

பிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க இந்த யூனிபாரத்தோடயா போனீய?"

"டூட்டியில வேற எப்படிப் போவாங்க?"

"சரியாப் போச்சு. ரெய்டுன்னு நினைச்சிருப்பா சார். ஒளிச்சு வச்சிருப்பா. பயந்துட்டா."

ஆபீசர் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு என்னிடம் சொன்னார். "சட்டையக் கழட்டுய்யா."

"சார்?"

"சட்டையையும் தொப்பியையும் இங்க வச்சிட்டுப் போ. பக்கத்து வீட்டுக்காரனாப் போய்க் கேளு. இருட்டறதுக்குள்ள வரணும்."

இத்தனை வருஷ சர்வீஸில் பனியனோடு நான் கேட்டைத் தாண்டியது அன்றைக்குத்தான். பட்டாபிராம்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். "இன்னா மாமே, உன்னையே தடவி உருவிட்டாங்களா?" நான் நிற்காமல் மிதித்தேன்.

மறுபடியும் தட்டினேன். இந்தத் தடவை அந்தம்மா பனியனைப் பார்த்தது. சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"சட்டை எங்க?"

"கழட்டிட்டு வரச் சொன்னாங்க."

"என்னத்துக்கு?"

"நீ நம்பறதுக்கு." நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. "உன் புருஷன் கேட்டுல கீறாரு. சீட்டு வாங்காம கண்ணாடிய உள்ள எடுத்துகினு வந்துட்டாரு. அது அவுருதுன்னு காட்ட இன்னொரு கண்ணாடி வேணும். அது வந்தா அவரு வூட்டுக்கு வருவாரு. வரலன்னா மேல எழுதிப் போட்டுருவாங்க. வேலையும் போவும், இந்த வூடும் போவும்."

அந்தம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. "நீங்க கொண்டுபோயி, இதுவும் பாக்டரிச் சாமான்னு சொல்லிட்டா?"

நல்ல கேள்வி. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"அவுக என்ன சொல்லி அனுப்புனாவ?"

"நீ பயந்து ஒளிச்சி வச்சிருப்பேன்னாரு."

"பயந்தேன்னா சொன்னாவ?"

"ஆமா."

அதற்குத்தான் கோபம் வந்தது. "நான் என்னத்துக்குப் பயப்படணும்? களவாண்டா வச்சிருக்கேன்?" என்று உள்ளே போனது. அரிசி டிரம்மைத் திறக்கிற சத்தம் கேட்டது. சேலைத் தலைப்பில் ஏதோ சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தது. நான் கையை நீட்டினேன்.

"உங்ககிட்டத் தர மாட்டேன். நானே வாரேன்."

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். அது பின்னால் வந்தது. காலனி முழுக்கப் பால்கனியில் நின்று பார்த்தது. பனியனோடு தர்வான், பின்னால் எதையோ மூடிக்கொண்டு பிட்டர் பெண்டாட்டி. அதைப் பற்றி என்னென்ன பேசினார்கள் என்று என் பெண்டாட்டி அப்புறம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு வெளியில் சோதனை மேசை உண்டு. அந்தம்மா உள்ளே வர முடியாது. அதனால் ஆபீசரே வெளியே வந்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். இரண்டு கண்ணாடியும் மேசைக்கு வந்தன. ஜோடிக் கண்ணாடியில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் தேய்ந்து பால் மாதிரி மங்கல்.

பிட்டர் அதைப் பார்த்ததும் பதறினார். "சார், ஒரு நிமிஷம். அப்படியே வைக்கக் கூடாது. அதுல ஒரு மணல் பொடி இருந்தாலும் மெருகு போயிரும். கழுவிட்டு வைப்போம்."

"கழுவலாம். ஆனா நீ தொடாத" என்றார் ஆபீசர். என்னைக் காட்டினார். "இவரு கழுவட்டும். இவரே வைக்கட்டும்."

குடிக்கிற பானைத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். பிட்டர் பக்கத்தில் நின்று, "இன்னொரு தடவ அண்ணாச்சி, ஓரத்துல, ஓரத்துல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கை தன்னால் முன்னால் வரும். ஆபீசர் பார்ப்பார். பின்னால் போகும்.

மேடு கீழே. குழி மேலே. வைத்தேன். நடுவில் இருந்த தண்ணீர் சுற்றிலும் கசிந்து வெளியே வந்தது. மேல் கண்ணாடி மெல்ல இறங்கி உட்கார்ந்தது. ஆபீசர் சிகரெட் பெட்டியில் இருந்து ஜிகினாத் தாளைக் கிழித்து ஓரமெல்லாம் விட்டுப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை.

"ஒரு முழுச் சுத்து திருப்பு" என்றார்.

ஆபீசர் அதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் பிட்டர் பயந்தார் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டார். நான் மேல் கண்ணாடியைத் திருப்பினேன். பாதி சுற்றில் ‘கிர்’ என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. நான் நிறுத்தவில்லை. முழுச் சுற்று வரவேண்டும் என்பது ஆபீசர் உத்தரவு. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி உட்கார்ந்தது. ஆபீசர் மறுபடியும் தாளை விட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"ஜோடிதான்" என்றார். "எடுத்துட்டுப் போ. இனிமே எது கொண்டுவந்தாலும் காலையில காட்டு."

எடுக்கப் பார்த்தால் வரவில்லை. இரண்டும் பிடித்துக்கொண்டன. நான் இழுத்தேன். ஆபீசர் இழுத்தார். பிட்டர்தான் வாங்கி, பக்கவாட்டில் மெல்ல வழுக்கிப் பிரித்தார். குழிக் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்தார். ஓரத்தை ஒட்டி வளைவாக, நீளமாக ஒரு கீறல்.

அந்தம்மா அதைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு புருஷனிடம், "நான் ஒண்ணும் பயப்படல" என்றது.

மறு நாள் அவர் லீவு போட்டுக் கண்ணாடியை ரசம் பூசக் கொடுத்தார். அது திரும்பி வருவதற்குள் துண்டெல்லாம் விழுந்து முடிந்துவிட்டது. ரேடியோவில் சொன்னார்கள், வியாழன் மேல் அடிபட்ட இடமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது என்று. நான் அதையும் பாதிதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் தினம் சாயங்காலம் மேகம். ஒரு நாள் கலைந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் நான் மொட்டை மாடிக்கு ஏறினேன். பார்க்கிற ஆசையில் இல்லை. அந்தக் குழாய் எதிர் பிளாக்கைப் பார்க்குமா என்று சோதிக்க. ஒரு கண் வை என்ற உத்தரவை ஆபீசர் இன்னும் எடுக்கவில்லை. என் பெண்டாட்டியும் பின்னாலேயே வந்தாள்.

"கீழ எறக்கு நைனா" என்றேன். அவர் குழாயை எதிர் பிளாக்குப் பக்கம் இறக்கினார். கண்ணை வைத்தேன். ஜன்னல் கிட்டத்தில் தெரிந்தது. ஆனால் தலைகீழாக. கொடியில் சட்டை மேல்நோக்கித் தொங்கியது. ஒரு ஆள் தலைகீழாக நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னா தலகீழா கீது?"

"இது அப்படித்தான் காட்டும் அண்ணாச்சி. வானத்துல மேல கீழ கிடையாதுல்லா. அதனால பரவாயில்ல."

என் பெண்டாட்டியும் பார்த்தாள். "தலகீழா இருந்தா இன்னா? ஆளு ஆளுதான?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழாயைச் சுவர் மட்டத்துக்குக் கீழே இறக்க முடியாதபடி கயிறு கட்டச் சொன்னேன். அவர் அப்போதே கட்டினார். அந்தம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வியாழன் பக்கம் திருப்பினார். கண்ணை வைத்தேன். ஒரு வெள்ளை வட்டம். குறுக்கே இரண்டு பழுப்புக் கோடு. பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி. வட்டத்தின் மேல் ஓரத்தில் கறுப்பாக இரண்டு தடம், மைக்கறை மாதிரி.

"இதுவா அடி?"

"அதேதான்."

"நான் போட்ட கீறலா இருக்கும்."

"கீறல் இதுல தெரியாது அண்ணாச்சி. கொஞ்சம் வெளிச்சத்தத் திங்கும், அவ்வளவுதான்."

நான் விடவில்லை. குழாயின் வாய்க்கு முன்னால் கையை நீட்டினேன். எல்லாம் மங்கியது. அப்போ உள்ளே ஒட்டின படம் இல்லை. கண் வைக்கிற சின்னக் கண்ணாடியைத் திருகினேன். அதில் அழுக்கு இருந்தால் கூடவே சுற்றும். கறுப்புத் தடம் சுற்றவில்லை. வியாழன் மட்டும் நழுவி நழுவி ஓரத்துக்குப் போனது.

"இது ஏன் ஓடுது?"

"அது ஓடல. நாமதான் சுத்துதோம்."

அதை நான் கேட்டுக்கொண்டேன். ஏற்றுக்கொள்ளவில்லை. கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வந்தேன். தடம் இரண்டும் வட்டத்தில் இடம் மாறியிருந்தன. ஒன்று ஓரத்துக்குப் போய் மறையப் பார்த்தது. கண்ணாடியில் விழுந்த கீறல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும், நகராது. அதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் வரவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

அவர் வேலை போகவில்லை. வீடும் போகவில்லை. ஆனால் ஒன்று மாறியது. அன்றையில் இருந்து தினம் காலையில் அவர் என் மேசை முன்னால் நிற்பார். சீப்பைக் காட்டுவார். மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் காட்டுவார். ஒரு நாள் ஒரு எலுமிச்சம்பழம்.

"அண்ணாச்சி, எலுமிச்சம்பழம் ஒண்ணு. சீட்டுக் குடுங்க."

வரிசையில் பின்னால் சிரித்தார்கள். "இன்னா நைனா, டமாஷ் பண்றியா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். டமாஷ் இல்லை.

சீட்டு எழுதிக் கொடுத்தேன். எலுமிச்சம்பழம் ஒன்று. சாயங்காலம் சங்கு ஊதியது. வரிசையில் வந்தார். கையைத் தூக்கினார். அக்குள், இடுப்பு, பேண்ட் மடிப்பு, டிபன் கேரியர். பையில் அந்தப் பழம் அப்படியே இருந்தது. சாப்பாட்டுக்குப் பிழியவில்லை போலிருக்கிறது. சீட்டை நீட்டினார். நான் பழத்தைக் கையில் வாங்கி உருட்டினேன். காம்புப் பக்கம் ஒரு கரும்புள்ளி இருந்தது. காலையில் நான் பார்த்த பழத்திலும் இருந்தது.

பையில் போட்டு, "போ" என்றேன்.